கட்டம் நிரப்புவது எப்படி? ஃபேன்டசி பாஸ்கெட்பாலும் என் டூட்டி சார்ட்டும்

நீளமான இழை மக்களே. நைட் டூட்டி முடிச்சுட்டு வந்து எழுதுறேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வழக்கமா இங்க சுகர், பிரஷர், நாய்க்கடி ஊசி, டெங்குன்னு எழுதுவேன். இன்னைக்கு பாஸ்கெட்பால். அதுவும் நேர்ல ஆடுற பாஸ்கெட்பால் இல்ல, போன்ல ஆடுற ஃபேன்டசி பாஸ்கெட்பால். "டாக்டருக்கு என்ன ஆச்சு"ன்னு கேக்காதீங்க. சுத்தி வளைச்சு கடைசியில நம்ம ஆஸ்பத்திரிக்குத்தான் வருவோம்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். நாங்க ஆடுறது காசு இல்லாத லீக். என்கூட எம்பிபிஎஸ் படிச்ச பசங்க பத்து பேர், பத்து அணி. தோத்தவன் அடுத்த கெட்-டுகெதர்ல பிரியாணி வாங்கித் தரணும், அவ்வளவுதான். பணம் கட்டி ஆடுற ஆன்லைன் ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசு சட்டமே போட்டுத் தடை விதிச்சாச்சு. ஆன்லைன் ரம்மியில எல்லாத்தையும் விட்டுட்டு பூச்சிமருந்து குடிச்சு வந்தவங்களுக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு வயிற்றைக் கழுவினவன் நான். அந்தப் பக்கம் யாரையும் கூப்பிட மாட்டேன்.

இப்போ ஆட்டம்.

அமெரிக்காவுல என்பிஏன்னு ஒரு பாஸ்கெட்பால் லீக். 30 அணிகள், ஒவ்வொரு அணிக்கும் 82 ஆட்டம், அக்டோபர்ல ஆரம்பிச்சு ஏப்ரல் வரைக்கும். சீசனுக்கு முன்னாடி நாம பத்து பேரும் வரிசையா உட்கார்ந்து, அந்த 30 அணியில இருக்கிற வீரர்களை ஒவ்வொருத்தரா எடுத்துக்கணும். அதுதான் டிராஃப்ட். எனக்கு 13 பேர். அவங்க நிஜமா ஆடி எடுக்கிற பாயின்ட், ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் எல்லாம் என் கணக்குல ஏறும். வாரம் ஒருத்தன்கூட மோதணும். ஒன்பது பிரிவு, அஞ்சுல ஜெயிச்சா அந்த வாரம் உன்னுது.

இதை எங்களுக்கு ஆரம்பிச்சு வெச்சவன் இப்போ மிச்சிகன்ல ரெசிடென்சி பண்ற நண்பன். 2020 மார்ச்ல ஒரு வீரருக்கு கொரோனா பாசிட்டிவ்னு என்பிஏ சீசனையே நிறுத்தினாங்க இல்ல, அந்த வருஷக் கடைசியில அடுத்த சீசன் வந்தப்போ ஆரம்பிச்சது. ஆளாளுக்கு ஒரு கொரோனா வார்டுல பிபிஇ கிட்டுக்குள்ள வெந்துட்டு இருந்தோம். பேசுறதுக்கு சாவைத் தவிர வேற விஷயமே இல்ல. "மச்சான், இதைப் பத்தியாவது பேசுவோம்டா"ன்னான். அப்படித்தான் உள்ள போனேன்.

எல்லாரும் நினைக்கிற மாதிரி நல்ல பிளேயரா எடுத்தா ஜெயிச்சிடலாம்னுதான் நானும் நினைச்சேன். முதல் சீசன்ல கடைசி இடம். பிரியாணி என் செலவு. ஏன் தோத்தேன்னு புரிய ரெண்டு வருஷம் ஆச்சு. ரெண்டே காரணம்தான். ஒண்ணு, அந்த ஆளை எந்த நாற்காலியில உட்கார வைக்கலாம்? இன்னொண்ணு, அவனுக்கு என்னைக்கு ஆட்டம்?

நாற்காலியை முதல்ல பார்ப்போம்.

பாஸ்கெட்பால்ல அஞ்சு இடம். பாயின்ட் கார்டு, ஷூட்டிங் கார்டு, ஸ்மால் ஃபார்வர்டு, பவர் ஃபார்வர்டு, சென்டர். சுருக்கமா பிஜி, எஸ்ஜி, எஸ்எஃப், பிஎஃப், சி. (மூணு தடவை நீட் எழுதியும் பிஜி கிடைக்காத எனக்கு, டிராஃப்ட்ல முதல் ரவுண்டுலயே ஒரு பிஜி கிடைச்சப்போ குரூப்புல எப்படிக் கலாய்ச்சிருப்பானுங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.)

நம்ம ஃபேன்டசி அணியில ஒரு நாளைக்கு பத்து நாற்காலி. எங்க லீக்ல இப்படி: பிஜி ஒண்ணு, எஸ்ஜி ஒண்ணு, ரெண்டுல எந்த கார்டும் உட்காரக்கூடிய ஜி ஒண்ணு. எஸ்எஃப் ஒண்ணு, பிஎஃப் ஒண்ணு, எந்த ஃபார்வர்டும் உட்காரக்கூடிய எஃப் ஒண்ணு. சென்டர் ரெண்டு. யார் வேணாலும் உட்காரக்கூடிய "யூடில்" ரெண்டு. மீதி மூணு பேர் பெஞ்ச். பெஞ்சுல இருக்கிறவன் 50 பாயின்ட் போட்டாலும் உனக்கு சைபர்.

ஒவ்வொரு வீரர் பேருக்குப் பக்கத்துலயும் அவர் எந்தெந்த நாற்காலிக்குத் தகுதின்னு ஆப்ல முத்திரை இருக்கும். சிலருக்கு ஒண்ணு. சிலருக்கு ரெண்டு, மூணு. சீசன் நடுவுல வேற இடத்துல ஆட ஆரம்பிச்சா சில தளங்கள்ல புது முத்திரையும் சேரும்.

முத்திரைக்கும் நிஜ வேலைக்கும் சம்பந்தம் இருக்கணும்னு அவசியமில்ல. நிகோலா யோகிச்னு டென்வர்ல ஒரு மனுஷன். முத்திரை சென்டர். சென்டர்னா கூடைக்குக் கீழ நின்னு முட்டி மோதுற ஆள். ஆனா இவர் பந்தைக் கையில வெச்சுக்கிட்டு மொத்த அணியையும் ஆட்டுவிப்பார். 2024-25 சீசன்ல ஆட்டத்துக்கு சராசரி 29.6 பாயின்ட், 12.7 ரீபவுண்ட், 10.2 அசிஸ்ட். பத்து அசிஸ்ட் ஒரு பாயின்ட் கார்டு செய்யற வேலை. அதாவது என் எதிரி சென்டர் நாற்காலியில உட்கார வெச்சே ஒரு பாயின்ட் கார்டு வேலையும் வாங்கிக்கிறான். லெப்ரான் ஜேம்ஸ் அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஃபார்வர்டாவே காலம் தள்ளினவர், 2019-20ல பாயின்ட் கார்டா ஆடி, அந்த சீசன்ல அசிஸ்ட்ல லீக்லயே முதலிடம் (அதுவும் சராசரி 10.2).

எங்க வேலையும் இப்படித்தான். எங்க பதவிக்குப் பேர் "அசிஸ்டன்ட் சர்ஜன்". சர்ஜன்னு பேரு. செய்யறது காய்ச்சல் ஓபி, பிரசவ வார்டு, விபத்து, விஷம், போஸ்ட்மார்ட்டம், கோர்ட்ல சாட்சி. எந்த நாற்காலி காலியா இருந்தாலும் "எம்பிபிஎஸ் டாக்டர் யார் இருக்கா?"

சரி, இந்த முத்திரை எப்படி ஆளைக் கவிழ்க்கும்? ஒரு புதன்கிழமை. என் அணியில 11 பேருக்கு அன்னைக்கு ஆட்டம். 10 நாற்காலி. ஒருத்தன்தானே வெளியில உட்காரணும்? ஆனா 11 பேர் யாருன்னா: பிஜி மட்டும் உள்ளவங்க 2, எஸ்எஃப் மட்டும் 2, பிஎஃப் மட்டும் 2, சென்டர் மட்டும் 5.

போட்டுப் பாருங்க. ரெண்டு பிஜியும் பிஜி, ஜி நாற்காலிக்குப் போயாச்சு. நாலு ஃபார்வர்டுல மூணு பேர் எஸ்எஃப், பிஎஃப், எஃப். சென்டர்ல ரெண்டு பேர் சென்டர்ல, ரெண்டு பேர் யூடில்ல. முடிஞ்சது. ஒன்பது பேர்தான் ஆட முடிஞ்சது. ஒரு பிஎஃப்பும் ஒரு சென்டரும் பெஞ்சுல. எஸ்ஜி நாற்காலி காலி.

ஒரு பக்கம் ஆள் சும்மா உட்கார்ந்திருக்கான், இன்னொரு பக்கம் நாற்காலி காலியா கிடக்கு. அந்த ரெண்டு எஸ்எஃப்ல ஒருத்தனுக்கு எஸ்ஜி முத்திரையும் கூட இருந்திருந்தா, அவனை அங்க தள்ளிட்டு, பெஞ்சுல இருந்த பிஎஃப்பை உள்ள கொண்டு வந்திருக்கலாம். அதனாலதான் ரெண்டு முத்திரை உள்ள சுமாரான ஆள், ஒரு முத்திரை உள்ள நல்ல ஆளைவிடப் பல வாரம் அதிகமா உதவுவான். அவனோட பாயின்ட் கணக்குல இது தெரியாது. அவன் நகர்ந்து கொடுத்ததால இன்னொருத்தன் எடுத்த பாயின்ட்லதான் தெரியும்.

உட்கார வைக்கிற வரிசைக்கும் ஒரு சூத்திரம் இருக்கு. ஒரே இடத்துல மட்டும் உட்காரக்கூடியவனை முதல்ல வை. ரெண்டு இடம் உள்ளவன் அடுத்து. எங்க வேணாலும் உட்காருவான்ங்கிறவனைக் கடைசியில, மிச்சம் இருக்கிற ஓட்டையில போடு. இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க. பின்னாடி இதே சூத்திரத்தாலதான் நான் அசிங்கப்பட்டேன்.

அடுத்து அட்டவணை.

82 ஆட்டமும் ஒரே சீரா வராது. வாரத்துக்கு ஒரு அணிக்கு மூணு இல்லன்னா நாலு ஆட்டம். சில வாரம் ரெண்டே ரெண்டு. சராசரி 20 பாயின்ட் போடுற ஸ்டாருக்கு இந்த வாரம் 2 ஆட்டம்னா 40. சராசரி 12 போடுற சாதா ஆளுக்கு 4 ஆட்டம்னா 48. சாதா ஆள் ஜெயிச்சான்.

இரு, இன்னும் முடியல. அந்த 4 ஆட்டத்துல ரெண்டு, எல்லாரும் ஆடுற புதன், வெள்ளியில விழுந்தா? அன்னைக்கு என் நாற்காலி எல்லாம் நிரம்பியிருக்கும், அவனுக்கு இடமில்ல. அப்போ அவன் எனக்குத் தர்றது வெறும் 24. அவனைவிட, ஆட்டம் கம்மியா இருக்கிற நாட்கள்ல மூணு ஆட்டம் உள்ள ஒருத்தன் 36 தருவான். அதனால எத்தனை ஆட்டம்னு மட்டும் பார்த்தா பத்தாது, எந்த நாள்னு பார்க்கணும். நாளும் நாற்காலியும் சேர்ந்த கணக்கு இது.

2022 நவம்பர் 8 அமெரிக்காவுல தேர்தல் நாள். மக்கள் ஓட்டுப் போடப் போகட்டும்னு அன்னைக்கு என்பிஏ ஒரு ஆட்டம்கூட வைக்கல. அதுக்குப் பதிலா முந்தின நாள் 30 அணியும் ஆடுச்சு, 15 ஆட்டம். காயம்பட்டவன் போக என் அணியில 12 பேருக்கு ஆட்டம். பத்து நாற்காலி. மறுநாள் பத்து நாற்காலியும் காலி. கல்யாண மண்டபத்துல முதல் பந்தியில இடம் கிடைக்காம நின்னு, ரெண்டாம் பந்திக்கு சாப்பாடே இல்லைன்னா எப்படி இருக்கும், அப்படி.

டிசம்பர்ல என்பிஏ கப்னு ஒண்ணு, 2023லிருந்து நடக்குது. அதுக்காக ஒவ்வொரு அணிக்கும் முதல்ல 80 ஆட்டத்துக்குத்தான் தேதி குடுப்பாங்க. மிச்சம் 2 கப்புல யார் ஜெயிச்சாங்கன்னு பார்த்துட்டு வரும். அதுல இறுதி ஆட்டம் மட்டும் சீசன் கணக்குல சேராது. 2023 இறுதியில லேக்கர்ஸுக்காக அந்தோணி டேவிஸ் 41 பாயின்ட், 20 ரீபவுண்ட். ராட்சச ஆட்டம். அவரை வெச்சிருந்தவன் எங்க மிச்சிகன்காரன். கணக்குல ஏறினது சைபர். "என்னடா அநியாயம் இது"ன்னு அவன் குரூப்புல புலம்பினதை இன்னைக்கும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

சுவாரசியத்துக்கு ஒண்ணு. 82 ஆட்ட சீசன்ல ஒருத்தர் 82க்கு மேல ஆட முடியுமா? முடியும். நடு சீசன்ல அணி மாறும்போது, பழைய அணி அதிக ஆட்டம் முடிச்சிருந்து, புது அணிக்கு அதிகம் பாக்கி இருந்தா. 2022-23ல மிக்கல் பிரிட்ஜஸ் 83 ஆட்டம் ஆடினார். 1968-69ல வால்ட் பெல்லமி 88 ஆட்டம்! நம்ம ஊர்ல மாசக் கடைசியில டிரான்ஸ்ஃபர் ஆகி, பழைய ஆஸ்பத்திரியில நைட் முடிச்சு, புது ஆஸ்பத்திரியில அன்னைக்கே ஜாயின் பண்ணி அங்கயும் நைட் பார்த்த டாக்டர்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது.

இதுல நமக்குன்னு தனியா ஒரு தலைவலி, நேரம். அங்க ராத்திரி 7 மணி ஆட்டம் நமக்கு மறுநாள் விடிகாலை 5.30. அவங்க ஞாயிற்றுக்கிழமை ராத்திரி முடியற வாரம் நமக்குத் திங்கட்கிழமை காலையில முடியும். திங்கட்கிழமை காலை 7.30ன்னா அரசு மருத்துவமனை ஓபி திறக்கிற நேரம். ஞாயிறு லீவுல சேர்ந்த கூட்டம் மொத்தமும் கேட்டுக்கு வெளிய நிக்கும். என் ஃபேன்டசி வாழ்க்கையில முக்கால்வாசி முடிவுகளை ஓபி சீட்டுக்கு நடுவுல மதியம்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சரி. 2024-25 சீசனுக்கு வர்றேன்.

அந்த வருஷம் என் அணி பிரமாதம். சென்டர்ல விக்டர் வெம்பன்யாமா. ஏழடிக்கு மேல உயரம், பிளாக் அடிக்கிறதுல அசுரன். பிப்ரவரி 20ஆம் தேதி செய்தி வந்தது: வலது தோள்ல டீப் வெயின் த்ரோம்போசிஸ். ஆழமான ரத்தநாளத்துல ரத்தக்கட்டி. சீசன் முடிஞ்சது.

சாதாரண லீக்ல இந்த மாதிரி நேரத்துல, விஷயம் தெரியாதவன் யார்கிட்டயாவது "சீக்கிரம் வந்துடுவான்பா"ன்னு தள்ளிவிட்டுடலாம். எங்க லீக்ல பத்து பேரும் டாக்டர். ரத்தக்கட்டின்னா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை, அந்த மாத்திரை சாப்பிடுறவன் இடிச்சு மோதுற ஆட்டம் ஆடக்கூடாது, மாசக்கணக்குல ஆகும்னு ஒரு நிமிஷத்துல பத்து மெசேஜ். காயம்பட்ட ஆளை யார் தலையிலயும் கட்ட முடியாத லீக் எங்களுது. (நீங்களும் கேட்டுக்கோங்க: ஒரு கை மட்டும் திடீர்னு வீங்கி, வலிச்சு, நிறம் மாறினா எண்ணெய் போட்டு நீவாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க.)

சென்டர் நாற்காலி காலி. எவனும் எடுக்காம மிச்சமிருந்த சென்டர் எல்லாம் சுமார். அப்போதான் எக்செல்ல ஒரு ஷீட் போட்டேன். இடது பக்கம் ஆள் பேரு. பக்கத்துல அவனோட முத்திரைகள். மேல தேதி. யாருக்கு என்னைக்கு ஆட்டம், எந்த நாற்காலி காலி, யாரை நகர்த்தினா யார் உள்ள வரலாம்னு பார்த்து வாராவாரம் ஆளை மாத்தினேன். ஒரு நாற்காலிகூட வீணாகல. ஸ்டார் இல்லாம காலிறுதிக்குப் போயிட்டேன். பெருமை தாங்கல.

அதே சமயத்துல எங்க ஆஸ்பத்திரியில மாதாந்திர டூட்டி சார்ட் போடுற பொறுப்பு என் தலையில விழுந்தது.

சின்ன அரசு மருத்துவமனை. எது, எங்கன்னு வேண்டாம். சார்ட்ல ஒன்பது டாக்டர். அதுல மூணு பேர் ஸ்பெஷலிஸ்ட்: பிரசவம், மயக்கவியல், குழந்தைகள். ஒருத்தங்க மகப்பேறு விடுப்பு. ரெண்டு இடம் ஏற்கெனவே காலி, அது ஒன்பதுல சேரல. காலை ஓபி, கேஷுவாலிட்டி பகல், நைட், வார்டு, போஸ்ட்மார்ட்டம், வெளி முகாம், யாராவது விஐபி வந்தா கான்வாய், சம்மன் வந்தா கோர்ட். மாசாமாசம் சார்ட்ல ஓட்டை விழும். ஓட்டை விழுந்த அன்னைக்கு போன் போட்டு யாரையாவது கெஞ்சி வரவைப்பாங்க.

நான் என்ன பண்ணேன்னு இந்நேரம் கண்டுபிடிச்சிருப்பீங்க. அதே எக்செல். ரெண்டாவது ஷீட்ல யோகிச்சை எடுத்துட்டு டாக்டர் பேர். நாற்காலிக்குப் பதிலா டூட்டி. மயக்க மருத்துவர் ஒரே முத்திரை, முதல்ல வை. ஸ்பெஷலிஸ்ட் எல்லாம் அடுத்து. எங்க வேணாலும் உட்காரக்கூடியவங்களைக் கடைசியில, மிச்சம் இருக்கிற ஓட்டையில போடு.

மார்ச் மாசம் 31 நாளும் ஒரு கட்டம்கூட காலி இல்ல. தலைமை மருத்துவர் பார்த்துட்டு, "தம்பி, இத்தனை வருஷத்துல இப்படி ஒரு சார்ட் பார்த்ததில்லப்பா"ன்னார்.

எங்ககிட்ட ஒரு ஜூனியர் லேடி டாக்டர் இருந்தாங்க. எம்பிபிஎஸ் முடிச்சு எக்ஸாம் எழுதி வந்து ஒன்றரை வருஷம். எல்லா வேலையும் தெரியும். பிரசவம் பார்ப்பாங்க, போஸ்ட்மார்ட்டம் பண்ணுவாங்க, முகாமுக்குப் போவாங்க, எதுக்கும் முகம் சுளிக்க மாட்டாங்க. ஃபேன்டசி பாஷையில சொன்னா அஞ்சு முத்திரை. என் ஷீட்டுக்குத் தங்கம் மாதிரி.

மார்ச் இரண்டாவது வாரம். எனக்குக் காலிறுதி. செவ்வாய் விடிகாலை ரெண்டு பேர் ஆடுவாங்களா மாட்டாங்களான்னு கடைசி நேரத்துலதான் தெரியும், அதனால எழுந்து பார்த்து மாத்திக்கலாம்னு 5.10க்கு அலாரம் வெச்சேன். எழுந்தா எல்லா ஆட்டமும் பூட்டிக்கிடக்கு. மார்ச் 9 ஞாயித்துக்கிழமை அமெரிக்காவுல கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெச்சிருக்காங்க. 5.30 ஆட்டம் 4.30க்கே ஆரம்பிச்சாச்சு. என் ரெண்டு பேரும் பெஞ்சுல. அதுல ஒரு சென்டர் அன்னைக்கு மூணு பிளாக். அந்த வாரம் நான் பிளாக்ல ஒரே ஒரு பிளாக் வித்தியாசத்துல தோத்தேன். மொத்தக் கணக்கு 4-5. வெளியேறினேன்.

அந்தக் கடுப்போடதான் அன்னைக்கு டூட்டிக்கு வந்தேன். வார்டு சிஸ்டர் தனியாக் கூப்பிட்டாங்க. "சார், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

முந்தின ராத்திரி காய்ச்சலோட வந்த ஒரு குழந்தைக்கு அந்த ஜூனியர் டாக்டர் பாராசிட்டமால் சிரப் எழுதியிருக்காங்க. அஞ்சு மில்லியில 125 மில்லிகிராம் இருக்கிற பாட்டில் ஒண்ணு, 250 இருக்கிறது ஒண்ணுன்னு ரெண்டு வகை உண்டு. எழுதினது 250 பாட்டில், அளவு 125க்கானது. ரெட்டை டோஸ். சிஸ்டர் எடையைப் பார்த்து, சந்தேகப்பட்டு, கேட்டு மாத்திட்டாங்க. குழந்தைக்கு ஒண்ணும் ஆகல.

"மேடம் அப்படித் தப்பா எழுதுற ஆள் இல்ல சார். மூணு நாளா அவங்க ஒழுங்கா வீட்டுக்கே போகல. சார்ட் பாருங்க."

பார்த்தேன். நான் போட்ட சார்ட். சனி நைட். ஞாயிறு பகல் போஸ்ட்மார்ட்டம் ரெண்டு. ஞாயிறு நைட் கேஷுவாலிட்டி. திங்கள் முகாம். திங்கள் நைட். அந்த மாசத்துக்கு மொத்தம் பத்து நைட் அவங்களுக்கு. எனக்கு நாலு. நான் வேணும்னு பண்ணல. ஒவ்வொரு ஓட்டைக்கும் தனித்தனியாப் பார்த்தா அவங்கதான் பொருத்தம். ஷீட் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு.

அவங்களைக் கூப்பிட்டேன். கண்ணு உள்ள போயிருந்துச்சு. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னுதானே சார் சொல்வீங்க."

பதில் இல்ல என்கிட்ட. போன மாசம் வேற ஒருத்தர்கிட்ட நான் அதே வார்த்தையைச் சொன்னது ஞாபகம் இருந்தது.

அன்னைக்கு ராத்திரி ரெண்டு ஷீட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு உட்கார்ந்தேன். ஃபேன்டசியில நான் யோகிச்சை உள்ள வெச்சாலும் பெஞ்சுல வெச்சாலும் அவருக்கு ஒண்ணும் இல்ல. நான் கட்டம் நிரப்பினதால அவர் கால்ல ஒரு தசைகூட வலிக்காது. அட்டவணை வேற எங்கயோ எழுதியாச்சு, நான் அதைப் படிச்சுட்டு மேல விளையாடுறவன். இந்த ஷீட்ல நான் கட்டத்துல பேர் போட்டாத்தான் அந்த ஆள் எழுந்து வரணும். இங்க அட்டவணையை எழுதுறவனே நான்தான். ஆனா படிக்கிறவன் மூளையோட எழுதியிருக்கேன்.

நிஜமா அட்டவணை எழுதுற என்பிஏ என்ன பண்ணுச்சுன்னு பாருங்க. முன்னாடி அஞ்சு ராத்திரியில நாலு ஆட்டம்னு வெச்சு ஆட்டக்காரங்களைப் பிழிஞ்சுட்டு இருந்தாங்க. 2017-18 சீசன்லிருந்து அதை மொத்தமா எடுத்துட்டாங்க. அதுக்காக சீசனையே ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சாங்க. அடுத்தடுத்த ரெண்டு ராத்திரி ஆடுறது இன்னும் இருக்கு, ஆனா முன்னாடிக்கு இப்போ குறைவு. கோடிக்கணக்குல சம்பளம் வாங்கி, தனி விமானத்துல போற 25 வயசுப் பையனுக்கு அது. நான் ரெண்டரை நாளைக்குள்ள மூணு நைட்டும் நடுவுல ரெண்டு பகலும் போட்டிருக்கேன், ஒரு குழந்தைக்கு டோஸ் கணக்குப் போட வேண்டிய ஆளுக்கு.

ஏப்ரல் சார்ட்டை வேற மாதிரி போட்டேன். முதல்ல ஆளே போடல. நைட்டுக்கு அடுத்த நாள் எல்லார் வரிசையிலயும் கறுப்பு அடிச்சேன். அந்தக் கட்டத்தைத் தொடக்கூடாது. ஒரு ஆளுக்கு ஆறு நைட்டுக்கு மேல கிடையாது, என்னையும் சேர்த்து. அஞ்சு முத்திரை உள்ளவங்களைக் கடைசியில போடாம முதல்லயே அவங்களுக்கு ரெண்டு வேலை மட்டும் ஒதுக்கினேன். முகாமுக்கும் போஸ்ட்மார்ட்டத்துக்கும் சீனியர்களும் முறை வெச்சுப் போகணும்.

கணக்கு இடிச்சது. ஏப்ரல்ல ஏழு கட்டம் காலி.

அதை நிரப்பாம அப்படியே சிவப்பு கலர் போட்டுத் தலைமை மருத்துவர்கிட்ட குடுத்தேன். போன மாசம் தம்பின்னு தட்டிக் கொடுத்தவர் முகம் மாறுச்சு. "என்னய்யா இது, மேல என்ன பதில் சொல்றது?" "ரெண்டு போஸ்ட் காலியா இருக்குன்னு சொல்லுங்க சார். இதுவரைக்கும் நாம நிரப்பி நிரப்பி, அது காலின்னே யாருக்கும் தெரியல." சீனியர் ஒருத்தர் ரெண்டு வாரம் என்கூடப் பேசல. முகாம் டூட்டி போட்டதுக்கு.

அதிசயம் எதுவும் நடந்துடல. வாரத்துக்கு ரெண்டு நாள் பக்கத்து ஊர்லிருந்து டெபுடேஷன்ல ஒரு டாக்டர் வந்தார். நாலு கட்டம் நிறைஞ்சது. மிச்சம் மூணை நானும் இன்னொருத்தரும் பங்கு போட்டுக்கிட்டோம், என் கணக்கு அந்த மாசம் ஆறு நைட்டைத் தாண்டிடுச்சு. காலி போஸ்ட் ரெண்டுல ஒண்ணு இன்னும் காலிதான். இந்த மாச சார்ட்லயும் ரெண்டு சிவப்புக் கட்டம் இருக்கு.

அந்த ஜூனியர் டாக்டருக்கு சார்ட் ஃபைலை எடிட் பண்ற உரிமை குடுத்திருந்தேன், அவங்களும் சேர்ந்து போடட்டும்னு. முதல் ஷீட்டைத் திறந்து பார்த்துட்டாங்க. "சார், யோகிச் யாரு? எந்த டிபார்ட்மென்ட்?"

விளக்க ஒரு மதியம் ஆச்சு. அக்டோபர்ல எங்க லீக்ல ஒருத்தன் நேரமில்லைன்னு விலகினான். அவன் இடத்துல அவங்களைச் சேர்த்தோம். டிராஃப்ட்ல பேர் தெரிஞ்ச ஸ்டார் யாரையும் துரத்தல. ரெண்டு முத்திரை, மூணு முத்திரை உள்ளவங்களாப் பார்த்து வரிசையா எடுத்தாங்க. பசங்க எல்லாம் சிரிச்சானுங்க, நான் சிரிக்கல.

டிசம்பர்ல ஒரு வாரம் எனக்கும் அவங்களுக்கும் மோதல். புதன்கிழமை எனக்கு 12 பேருக்கு ஆட்டம். அதுல மூணு பேர் பெஞ்சுல, எஸ்ஜி நாற்காலி காலி. பழைய வியாதி. அவங்க பக்கம் பத்து நாற்காலியும் நிரம்பி, வியாழக்கிழமைக்கும் நாலு பேர் மிச்சம். திங்கட்கிழமை ஓபி முடிஞ்சு போனைத் திறந்தா 3-6.

கீழ ஒரு மெசேஜ்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்."